சி மொழியில் சீரியல் போர்ட்டின் வேகத்தை அமைப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சீரியல் போர்ட்டின் வேகத்தை அமைப்பது ஒரு வரி வேலை என்றுதான் முதலில் தோன்றும். எங்கேயோ ஓரிடத்தில் 9600 என்று எழுதினால் முடிந்தது, அவ்வளவுதானே? நிரல் எழுத உட்காரும்போதுதான் அந்த ஒரு வரிக்கு முன்னால் நான்கைந்து வேலைகளும் பின்னால் ஒரு வேலையும் இருப்பது தெரியும். பின்னால் வரும் அந்த வேலை, கேட்ட வேகம் உண்மையிலேயே கிடைத்ததா என்று பார்ப்பது. இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்கள் பலவும் இதைச் செய்வதே இல்லை. அதனால் இங்கே அதற்குக் கொஞ்சம் அதிக இடம் தருகிறேன்.

லினக்ஸை வைத்துத்தான் விளக்குகிறேன். மேக், விண்டோஸ் இரண்டுக்கும் கடைசியில் ஒரு பகுதி உண்டு. ஸ்ட்ரக்ட், பாயிண்டர், பிட் ஆபரேட்டர் ஆகியவை ஓரளவு பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஃபங்ஷன், மாறிலிப் பெயர்களை உச்சரிப்பாகத் தருகிறேன். லினக்ஸ் நிரலில் ஃபங்ஷன் பெயர்கள் முழுக்கச் சிற்றெழுத்திலும், மாறிலிகளும் ஃபிளாக்குகளும் முழுக்கப் பெரிய எழுத்திலும் வரும். எடிட்டரில் முதல் நான்கு எழுத்தை அடித்தால் மீதியை அதுவே காட்டிவிடும்.

வேகம் என்று எதைச் சொல்கிறோம்

சீரியல் இணைப்பில் தரவுக்குத் தனிக் கம்பி, கடிகாரத்துக்குத் தனிக் கம்பி என்று கிடையாது. அனுப்புபவர் ஒரு வேகத்தில் பிட்டுகளைத் தள்ளுகிறார். பெறுபவர் அதே வேகத்தில் எண்ணிக்கொண்டு கம்பியைப் பார்க்கிறார். இரண்டு பேரும் தத்தம் கடிகாரத்தை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். வேகம் என்னவென்று கம்பி வழியாக யாரும் யாருக்கும் சொல்வதில்லை. முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

9600 என்றால் நொடிக்கு 9600 பிட். ஒரு பிட்டின் நீளம் சுமார் 104 மைக்ரோவினாடி. 115200 என்றால் ஒரு பிட் சுமார் 8.7 மைக்ரோவினாடி. வழக்கமாகப் பயன்படும் 8என்1 அமைப்பில் (8 தரவு பிட், பிழையைக் காட்டும் பேரிட்டி பிட் இல்லை, முடிவைக் காட்டும் 1 ஸ்டாப் பிட்) ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்கத்தைக் காட்டும் ஒரு ஸ்டார்ட் பிட்டும் சேர்ந்து மொத்தம் 10 பிட் போகும். ஆகவே பைட் கணக்கு வேண்டுமானால் பத்தால் வகுத்தால் போதும்: 9600-இல் நொடிக்கு 960 பைட், 115200-இல் நொடிக்கு 11520 பைட். இந்த வகுத்தல் பின்னால் சோதனை செய்யும்போது தேவைப்படும்.

115200 என்ற இந்த வினோதமான எண் எங்கிருந்து வந்தது? பழைய பிசிகளின் 8250, 16550 வகை சீரியல் சிப்புகளுக்கு 1.8432 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் கொடுத்தார்கள். சிப் ஒவ்வொரு பிட்டுக்கும் 16 துடிப்புகளை எடுத்துக்கொள்ளும். 1843200-ஐ 16-ஆல் வகுத்தால் 115200. அதுதான் அங்கே உச்ச வேகம். மற்ற வேகங்களெல்லாம் அதை ஒரு முழு எண்ணால் வகுத்துக் கிடைப்பவை: 2-ஆல் வகுத்தால் 57600, 3-ஆல் 38400, 12-ஆல் 9600. வேகம் என்பது உண்மையில் ஒரு கடிகாரத்தை முழு எண்ணால் வகுத்த ஈவு. கேட்கும் எண் சரியாக வகுபடவில்லை என்றால் பக்கத்தில் உள்ள ஏதோ ஒன்றுதான் கிடைக்கும்.

போர்ட்டைக் கண்டுபிடித்துத் திறப்பது

யுஎஸ்பி-சீரியல் அடாப்டரைச் செருகினால் லினக்ஸில் டெவ் அடைவுக்குள் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயரில் ஒரு கோப்பு தோன்றும். நேரடியாக யுஎஸ்பி பேசும் போர்டுகள் டிடிஒய்ஏசிஎம்0 என்று வரும். மதர்போர்டில் இருக்கும் பழைய வகை போர்ட் டிடிஒய்எஸ்0. எது எதுவென்று குழப்பமாக இருந்தால் செருகியவுடன் டிமெசேஜ் கட்டளையின் கடைசி சில வரிகளைப் பாருங்கள். பெயர் அங்கே இருக்கும்.

திறக்கும்போது அனுமதி இல்லை என்று வந்தால் நிரலில் தவறு தேடாதீர்கள். டெபியன், உபுண்டு போன்றவற்றில் உங்கள் பயனர் டயல்அவுட் என்ற குழுவில் இருக்க வேண்டும். ஆர்ச் லினக்ஸில் அந்தக் குழுவின் பெயர் யுயுசிபி. குழுவில் சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வர வேண்டும். ரூட்டாக ஓட்டித் தப்பிக்கலாம், ஆனால் அதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

நிரலில் ஓப்பன் ஃபங்ஷனுக்கு மூன்று ஃபிளாக் கொடுக்கிறோம். படிக்கவும் எழுதவும் ஓ_ஆர்டிடபிள்யூஆர். அப்புறம் ஓ_நோசிடிடிஒய்: இந்த போர்ட் நமது நிரலின் கட்டுப்பாட்டு டெர்மினலாக மாறிவிடக் கூடாது என்று சொல்வது. இது இல்லையென்றால், எதிர்முனையிலிருந்து தற்செயலாக வரும் ஒரு கன்ட்ரோல்-சி பைட் உங்கள் நிரலையே நிறுத்திவிடக்கூடும். மூன்றாவது ஓ_நான்பிளாக். மோடம் காலத்து வழக்கப்படி, மறுமுனை இணைந்துவிட்டது என்று மோடம் காட்டும் கேரியர் சிக்னல் வரும்வரை ஓப்பன் காத்துக்கொண்டே இருக்கலாம். மூன்று கம்பி மட்டும் இணைத்த போர்டிலிருந்து அந்த சிக்னல் ஒருநாளும் வராது. திறந்து, அமைப்பையும் முடித்தபின் எஃப்சிஎன்டிஎல் வழியாக இந்த மூன்றாவது ஃபிளாக்கை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் ரீட் ஃபங்ஷன் காத்திருக்காமல் உடனே திரும்பி வந்துகொண்டிருக்கும்.

ஓப்பன் திருப்பித் தரும் எண் 0-க்குக் கீழே இருந்தால் பிஎரர் ஃபங்ஷனால் காரணத்தை அச்சிட்டு அங்கேயே நின்றுவிடுங்கள்.

அமைப்பை வாங்கி, மாற்றி, திருப்பிக் கொடுப்பது

டெர்மியோஸ்.ஹெச் என்ற ஹெடர்தான் இங்கே மையம். அதற்குள் டெர்மியோஸ் என்றே ஒரு ஸ்ட்ரக்ட் இருக்கிறது. போர்ட்டின் எல்லா அமைப்பும், வேகம் உட்பட, அதற்குள் அடங்கும். இந்த ஸ்ட்ரக்டை வெறுமையாக ஆக்கி நீங்களே நிரப்பலாம் என்று சில மாதிரி நிரல்கள் காட்டும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இருப்பதை வாங்கி, வேண்டியதை மட்டும் மாற்றி, திருப்பிக் கொடுப்பதே பாதுகாப்பானது. ஸ்ட்ரக்டில் உங்களுக்குத் தெரியாத மூலைகள் இருக்கலாம்.

முதலில் டிசிகெட்ஏடிடிஆர். திறந்த கோப்பு எண்ணையும் ஸ்ட்ரக்டின் முகவரியையும் கொடுத்தால் இப்போதைய அமைப்பை நிரப்பித் தரும். அதை அப்படியே இன்னொரு மாறியில் நகலெடுத்து வையுங்கள். நிரல் முடியும்போது பழைய நிலைக்குத் திருப்ப உதவும்.

இரண்டாவது, சிஎஃப்மேக்ரா. அது என்ன செய்கிறது என்று பின்னால் சொல்கிறேன். வேகத்துக்கு முன்னால் அதை அழைத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் வேகம். உள்ளே வரும் வேகத்துக்கு சிஎஃப்செட்ஐஸ்பீட், வெளியே போகும் வேகத்துக்கு சிஎஃப்செட்ஓஸ்பீட். இரண்டுக்கும் முதலில் ஸ்ட்ரக்டின் முகவரி, அப்புறம் வேக மாறிலி. இரண்டையும் ஒரே வேகத்தில் வையுங்கள். தனித்தனி வேகத்தைத் தாங்கும் வன்பொருள் இன்று அரிது.

நான்காவது, டிசிசெட்ஏடிடிஆர். புதியவர்கள் தவறவிடும் இடம் இது. முந்தைய இரண்டு ஃபங்ஷன்களும் ஸ்ட்ரக்டை மட்டுமே மாற்றுகின்றன. அது உங்கள் நிரலின் நினைவகத்தில் இருக்கும் வெறும் காகிதம். டிசிசெட்ஏடிடிஆர் அழைக்கும்வரை போர்ட்டுக்கு எதுவுமே தெரியாது. இதன் நடு ஆர்க்யுமென்ட் எப்போது மாற்ற வேண்டும் என்பது. டிசிஎஸ்ஏநவ் என்றால் உடனே. டிசிஎஸ்ஏடிரெயின் என்றால் அனுப்ப வேண்டியதெல்லாம் போய்ச் சேர்ந்தபின். டிசிஎஸ்ஏஃபிளஷ் என்றால் அதோடு, படிக்காமல் கிடக்கும் உள்வரவையும் தூக்கி எறிந்துவிட்டு. முதல்முறை திறந்ததும் அமைக்கும்போது டிசிஎஸ்ஏநவ் போதும். பேச்சின் நடுவில் வேகத்தை மாற்றுகிறீர்கள் என்றால் டிசிஎஸ்ஏடிரெயின்தான் வேண்டும். ‘வேகத்தை மாற்று’ என்று எதிர்முனைக்கு அனுப்பும் கட்டளையின் கடைசி எழுத்துகளே புதிய வேகத்தில் போய்விட்டால் அதற்கு எதுவும் புரியாது.

9600 வேறு, பி9600 வேறு

சிஎஃப்செட்ஓஸ்பீட் ஃபங்ஷனுக்கு 9600 என்ற எண்ணை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. பி9600, பி19200, பி115200 என்று பி எழுத்தில் தொடங்கும் மாறிலிகளைத்தான் கொடுக்க வேண்டும். லினக்ஸில் இவை வெறும் அடையாள எண்களாகவே நீண்ட காலம் இருந்தன. பி9600-இன் மதிப்பு 13, பி38400-இன் மதிப்பு 15, பி115200-இன் மதிப்பு 4098.

அப்படியானால் அங்கே 9600 என்றே கொடுத்தால் என்ன ஆகும்? ஃபங்ஷன் -1 திருப்பித் தரும், ஸ்ட்ரக்டில் வேகம் மாறாது. அந்த -1-ஐ நிரல் கவனிக்கவில்லை என்றால் வேலை தொடர்ந்து நடக்கும். இதில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெரும்பாலான லினக்ஸ் டிரைவர்கள் போர்ட்டைத் தொடக்கத்தில் 9600-இல்தான் வைத்திருக்கும். ஆகவே தவறான நிரலும் 9600-இல் ஒழுங்காக ஓடும்! பல மாதம் கழித்து யாரோ அந்த எண்ணை 115200 என்று மாற்றும்போதுதான் குப்பை எழுத்துகள் வரும். அப்போது எல்லோரும் கேபிளைச் சந்தேகிப்பார்கள்.

லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் சி நூலகமான ஜிலிப்சியின், 2025-இல் வெளிவந்த 2.42 பதிப்பில் இந்த நிலை மாறியது. அதில் லினக்ஸிலும் வேகம் என்பது நேரடி எண்தான். மேக், பிஎஸ்டி அமைப்புகளில் முன்பிருந்தே அப்படித்தான். இருந்தாலும் பி மாறிலிகளையே பயன்படுத்துங்கள். அது பழைய அமைப்பு, புதிய அமைப்பு எல்லாவற்றிலும் சரியாக இருக்கும்.

வேகத்தைப் பயனரிடமிருந்து கட்டளை வரியில் வாங்குகிறீர்கள் என்றால் எண்ணைப் பெற்று பி மாறிலியைத் திருப்பும் சின்ன ஃபங்ஷன் ஒன்று எழுதுங்கள். உள்ளே ஒரு ஸ்விட்ச்: 9600 என்றால் பி9600, 19200 என்றால் பி19200, இப்படி. பட்டியலில் இல்லாத எண் வந்தால் பிழை என்று சொல்லி நிறுத்துங்கள். இல்லாததற்கு 9600-ஐ இயல்பாகக் கொடுத்துவிடலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். அதே மாதிரி, தவறு நேர்ந்தால் பி0-ஐத் திருப்பவும் வேண்டாம். பி0 என்பதற்குத் தனி அர்த்தம் உண்டு, மோடம் இணைப்பைத் துண்டி என்று பொருள்.

யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரநிலை உறுதி தருவது பி50 முதல் பி38400 வரைதான். பி57600, பி115200 ஆகியவையும் அதற்கு மேற்பட்டவையும் அந்தந்த இயங்குதளத்தின் கொடை. லினக்ஸில் பி4000000 வரை உண்டு. பட்டியலில் பி134 என்று ஒன்றைப் பார்த்து அரைகுறையாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அதன் உண்மை வேகம் 134.5. பழைய டெலிபிரின்டர்களின் மிச்சம்.

வேகம் சரி, மற்றவை?

வேகம் சரியாக இருந்தும் தரவு கெட்டுப்போகலாம். லினக்ஸ் ஒரு சீரியல் போர்ட்டை, மறுமுனையில் மனிதர் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் டெர்மினலாகவே முதலில் கருதுகிறது. அதனால் ஒரு முழு வரி சேரும்வரை ரீட் ஃபங்ஷனுக்குக் கொடுக்காது. வந்த எழுத்தை எதிரொலியாகத் திருப்பி அனுப்பும். 13-ஆம் எண் பைட்டை 10 ஆக மாற்றும். 17, 19 ஆகிய பைட்டுகளை ‘தொடர்’, ‘நிறுத்து’ என்று எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். சென்சாரிலிருந்து பைனரி தரவு வரும்போது இதெல்லாம் தொல்லை. சிஎஃப்மேக்ரா இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே அடியில் அணைத்து, 8 பிட், பேரிட்டி இல்லை என்றும் ஆக்கிவிடுகிறது. ஸ்டாப் பிட்டை மட்டும் அது தொடாது. டெர்மியோஸ் ஸ்ட்ரக்டின் சி_சிஃபிளாக் உறுப்பில் சிஎஸ்டாப்பி பிட்டை நீங்களே நீக்குங்கள். அந்த பிட் இருந்தால் இரண்டு ஸ்டாப் பிட் என்று பொருள்.

அதே சி_சிஃபிளாக்கில் இன்னும் மூன்று விஷயம். சிரீட் இருக்க வேண்டும், இல்லையென்றால் பெறுவதே நடக்காது. சிலோக்கல் இருக்க வேண்டும். மோடம் சிக்னல்களைப் பொருட்படுத்தாதே என்பது அதன் பொருள். சிஆர்டிஎஸ்சிடிஎஸ் நீக்கப்பட வேண்டும், ‘அனுப்பலாமா’ என்று இரு முனைகளும் தெரிவித்துக்கொள்ளும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகளை நீங்கள் உண்மையில் இணைத்திருந்தால் ஒழிய. அது இருந்து கம்பி இல்லையென்றால் நிரல் எதையும் அனுப்பாமல் மௌனமாக நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது.

ரீட் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை சி_சிசி வரிசையில் விமின், விடைம் என்ற இரண்டு இடங்கள் முடிவு செய்கின்றன. விமின் 0, விடைம் 5 என்று வைத்துத் தொடங்குங்கள். விடைம் நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவில் எண்ணப்படும், ஆகவே 5 என்றால் அரை நொடி. அதற்குள் எதுவும் வரவில்லை என்றால் ரீட் 0 திருப்பித் தரும். நிரல் தொங்கிக்கொண்டு நிற்காது.

திருப்பிப் படித்துப் பாருங்கள்

இப்போது நான் முதலில் சொன்ன அந்தப் பின்வேலை. டிசிசெட்ஏடிடிஆர் 0 திருப்பித் தந்தால் எல்லாம் சரி என்று எண்ணிக்கொள்வோம். உண்மையில் அதன் விதி வேறு: கேட்ட மாற்றங்களில் ஏதாவது ஒன்றைச் செய்ய முடிந்தாலே அது வெற்றி என்று சொல்லிவிடும். வேகத்தை ஏற்க முடியாமல், பேரிட்டியை மட்டும் மாற்றிவிட்டும் 0 வரலாம்.

ஆகவே உடனே இன்னொரு புதிய டெர்மியோஸ் ஸ்ட்ரக்டை எடுத்து டிசிகெட்ஏடிடிஆர் மறுபடியும் அழையுங்கள். சிஎஃப்கெட்ஓஸ்பீட் தரும் மதிப்பு நீங்கள் கேட்ட பி மாறிலிக்குச் சமமா என்று பாருங்கள். சமமில்லை என்றால் பிழை. சி_சிஃபிளாக்கில் சிஎஸ்8 (8 தரவு பிட் என்று பொருள்), சிஆர்டிஎஸ்சிடிஎஸ் ஆகியவற்றையும் அதோடு சரிபார்க்கலாம். ஆறேழு வரிகள்தான் கூடும்.

நிரலுக்கு வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் எஸ்டிடிஒய் கட்டளை இருக்கிறது. கழித்தல் குறியோடு பெரிய எஃப், அப்புறம் போர்ட்டின் பெயர், அப்புறம் கழித்தல் குறியோடு சிறிய ஏ. முதல் வரியிலேயே வேகம் தெரியும். மேக்கில் அந்த எஃப் சிறிய எழுத்து. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டெர்மினலில் இதை ஓட்டிப் பார்ப்பது நல்லது. நிரல் மூடியபின் பார்த்தால் அமைப்பு தொடக்க நிலைக்குப் போயிருக்கலாம்.

அமைப்பு முடிந்ததும் டிசிஃபிளஷ் ஒருமுறை அழையுங்கள். போர்ட் திறந்ததற்கும் வேகம் மாறியதற்கும் இடையே பழைய வேகத்தில் வந்து விழுந்த பைட்டுகள் பஃபரில் இருக்கும். அவை முதல் செய்தியோடு கலந்துவிடும். யுஎஸ்பி அடாப்டர்களில் ஃபிளஷ் செய்தபின்னும் ஒன்றிரண்டு பைட்டுகள் வந்து சேர்வதுண்டு. அதனால் நெறிமுறையில் செய்தியின் தொடக்கத்தை அடையாளம் காட்டும் பைட் ஒன்று இருப்பது எப்போதும் கைகொடுக்கும்.

லூப்பேக் சோதனை சொல்வதும் சொல்லாததும்

அனுப்பும் முள்ளையும் பெறும் முள்ளையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு, எழுதியது திரும்பி வருகிறதா என்று பார்ப்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் சோதனை. கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அது வேகத்தைப் பற்றி எதையும் நிரூபிக்காது. அனுப்புவதும் பெறுவதும் ஒரே சிப், ஒரே கடிகாரம். நீங்கள் 115200 கேட்டு 9600-இல் ஓடினாலும் தரவு பழுதில்லாமல் திரும்பி வரும்.

அதே இணைப்பை வைத்து வேகத்தையும் அளக்க ஒரு வழி உண்டு: நேரம் பாருங்கள். 1920 பைட் அனுப்புங்கள். ரைட் ஃபங்ஷன் உடனே திரும்பிவிடும், ஏனென்றால் அது கெர்னலின் பஃபரில் போடுவதோடு சரி. அதை நம்பாமல், கடைசி பைட் திரும்பி வந்து சேரும் வரையிலான நேரத்தை கிளாக்_கெட்டைம் ஃபங்ஷனால் அளந்து பாருங்கள். கடிகார வகையாக கிளாக்_மோனோடோனிக் கொடுங்கள். 9600-இல் இது சுமார் 2 நொடி ஆக வேண்டும். 115200-இல் நொடியில் ஆறில் ஒரு பங்கு. கொஞ்சம் கூடலாம், குறையக் கூடாது.

ஆசிலோஸ்கோப்போ விலை குறைந்த லாஜிக் அனலைசரோ கையில் இருந்தால் பெரிய ஆங்கில எழுத்து யு-வை இடைவிடாமல் அனுப்புங்கள். அதன் மதிப்பு 85. பிட்டுகள் ஒன்றும் பூஜ்யமுமாக மாறி மாறி வரும். ஸ்டார்ட் பிட் 0, ஸ்டாப் பிட் 1 என்பதால் அவையும் அந்த வரிசையிலேயே பொருந்திக்கொள்ளும். கம்பியில் தெரிவது ஒரு சுத்தமான சதுர அலை. அதன் அதிர்வெண் வேகத்தில் சரிபாதி: 9600-க்கு 4800 ஹெர்ட்ஸ். வேகத்தைக் கம்பியிலேயே பார்ப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

எதிர்முனையின் கணக்கு

கணினிப் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் குப்பை வந்தால் மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் போங்கள். ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏவிஆர் சிப்பை எடுத்துக்கொள்வோம். 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம். வேகத்துக்கு யுபிஆர்ஆர் என்ற ரெஜிஸ்டரில் ஒரு முழு எண் எழுத வேண்டும். சூத்திரம்: கடிகாரத்தை, வேகத்தின் 16 மடங்கால் வகுத்து, ஒன்றைக் கழிக்கவும்.

9600-க்கு 103.17 வரும். 103 என்று எழுதினால் உண்மை வேகம் 9615, பிழை 0.16 சதவீதம். கவலை இல்லை. 115200-க்கு 7.68 வரும். 8 என்று எழுதினால் உண்மை வேகம் 111111; அதாவது வேகம் மூன்றரை சதவீதம் குறைவு. இது ஆபத்தான எல்லை. சி மொழியின் முழு எண் வகுத்தல் பின்னத்தை வெட்டிவிடும் என்பதை மறந்து சூத்திரத்தை அப்படியே எழுதினால் 8-க்குப் பதில் 7 கிடைக்கும். அப்போது வேகம் 125000. எட்டரை சதவீதப் பிழை, நிச்சயம் குப்பைதான்.

எவ்வளவு பிழை தாங்கும்? பெறுபவர் ஸ்டார்ட் பிட்டின் விளிம்பிலிருந்து எண்ணத் தொடங்கி ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் பார்க்கிறார். பத்தாவது பிட்டின் நடு, தொடக்கத்திலிருந்து 9.5 பிட் தொலைவு. அங்கே போகும்போது அரை பிட்டுக்கு மேல் விலகியிருந்தால் பக்கத்து பிட்டைப் படித்துவிடுவார். 0.5-ஐ 9.5-ஆல் வகுத்தால் 5.3 சதவீதம். அது இரண்டு முனைகளுக்கும் சேர்த்து, எல்லாம் இலட்சியமாக இருந்தால். நடைமுறையில் ஒவ்வொரு முனையும் 2 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பார்கள். இரண்டு முனையும் ஒரே திசையில் ஒரே அளவு தவறினால் சிக்கலே வராது. அதனால்தான் ஒரே வகை போர்டுகள் இரண்டு தங்களுக்குள் நன்றாகப் பேசிக்கொண்டு, கணினியோடு மட்டும் பேசத் திணறுவதைப் பார்க்கலாம்.

ஏவிஆரில் யு2எக்ஸ் என்ற பிட்டை இயக்கினால் 16-க்குப் பதில் 8-ஆல் கணக்குப் போடும். அப்போது 115200-க்கு ரெஜிஸ்டர் மதிப்பு 16, உண்மை வேகம் 117647, பிழை 2.1 சதவீதம். 57600-க்கு மதிப்பு 34, பிழை 0.8 சதவீதம். நீண்ட நேரம் நம்பி ஓட வேண்டிய இணைப்புக்கு இந்தச் சிப்பில் நான் 57600-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். இன்னொரு பொறி: ஏவிஆரில் இன்ட் 16 பிட்தான். 16-ஐயும் 9600-ஐயும் பெருக்கினால் 153600. அது இன்ட்டுக்குள் அடங்காது. 16-க்குப் பின்னால் யுஎல் ஒட்டிவிடுங்கள். இந்தக் கணக்கையெல்லாம் கையால் போட விருப்பமில்லை என்றால் ஏவிஆர்-லிப்சி நூலகத்தில் யூட்டில் அடைவுக்குள் செட்பாட்.ஹெச் இருக்கிறது, ரெஜிஸ்டர் மதிப்பையும் யு2எக்ஸ் வேண்டுமா என்பதையும் அதுவே சொல்லும், பிழை 2 சதவீதத்தைத் தாண்டினால் கம்பைல் செய்யும்போதே எச்சரிக்கும்.

பட்டியலில் இல்லாத வேகம்

மிடி இசைக்கருவிகள் 31250-இல் பேசுகின்றன. மேடை விளக்குகளுக்கான டிஎம்எக்ஸ்512 நெறிமுறை 250000-இல் ஓடுகிறது. இரண்டுக்குமே பி மாறிலி இல்லை. லினக்ஸில் இதற்கு டெர்மியோஸ்2 என்று வேறொரு ஸ்ட்ரக்ட் இருக்கிறது. ஏஎஸ்எம் அடைவின் டெர்ம்பிட்ஸ்.ஹெச் ஹெடரில் கிடைக்கும். டிரைவருக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் ஐஓசிடிஎல் ஃபங்ஷன் வழியாக டிசிகெட்எஸ்2 கொடுத்து வாங்கி, சி_சிஃபிளாக்கில் வேகத்தைக் குறிக்கும் சிபாட் பிட்டுகளை அழித்து, பிஅதர் என்ற ஃபிளாக்கைச் சேர்த்து, சி_ஐஸ்பீட், சி_ஓஸ்பீட் இரண்டிலும் 250000 என்று நேரடி எண்ணையே எழுதி, டிசிசெட்எஸ்2 கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஒரே எச்சரிக்கை: இந்த ஹெடரையும் வழக்கமான டெர்மியோஸ்.ஹெச்-ஐயும் ஒரே கோப்பில் சேர்த்தால் ஒரே பெயர் இருமுறை வரையறுக்கப்படுகிறது என்று கம்பைலர் சண்டை போடும். இந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் தனி சி கோப்பில் எழுதி இணைத்துக்கொள்ளுங்கள். இங்கும் திருப்பிப் படிக்கும் வேலை உண்டு. சில டிரைவர்கள் உண்மையில் அமைத்த வேகத்தை சி_ஓஸ்பீடில் எழுதித் தரும்; கேட்டது 250000, வந்தது வேறு என்றால் வகுத்தல் எங்கே இடிக்கிறது என்று புரிந்துவிடும்.

மேக்கிலும் விண்டோஸிலும்

மேக்கில் மேலே சொன்ன டெர்மியோஸ் வழி அப்படியே செல்லும். டிடிஒய் என்று தொடங்கும் கோப்பைத் திறக்காமல் சியு என்று தொடங்கும் கோப்பைத் திறங்கள். முதல் வகை கேரியர் சிக்னலுக்காகக் காத்திருக்கும். பட்டியலில் இல்லாத வேகத்துக்கு, டிசிசெட்ஏடிடிஆர் முடிந்தபின் ஐஓஎஸ்எஸ்ஐஓஸ்பீட் என்ற ஐஓசிடிஎல்.

விண்டோஸில் கிரியேட்ஃபைல் கொண்டு திறந்து, டிசிபி என்ற ஸ்ட்ரக்டை கெட்காம்ஸ்டேட் மூலம் வாங்கி, பாட்ரேட் உறுப்பை மாற்றி, செட்காம்ஸ்டேட் மூலம் திருப்பிக் கொடுக்கிறோம். இங்கே 9600 என்று எண்ணையே எழுதலாம். காம்10 முதல் மேலே உள்ள போர்ட்டுகளுக்குப் பெயரின் முன்னால் இரண்டு பின்சாய்வுக் கோடு, ஒரு புள்ளி, இன்னொரு பின்சாய்வுக் கோடு வேண்டும். சி சரத்தில் ஒவ்வொரு பின்சாய்வையும் இரட்டிப்பாக எழுத மறக்காதீர்கள். காத்திருக்கும் நேரத்தை செட்காம்டைம்அவுட்ஸ் தனியாகக் கேட்கும். அதை அமைக்காமல் விட்டால் ரீட்ஃபைல் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது முன்பு அந்த போர்ட்டைப் பயன்படுத்திய நிரலின் கையில்.

இன்னும் குப்பை எழுத்துகள் வருகின்றனவா?

என்ன வருகிறது என்பதை எழுத்தாகப் பார்க்காமல் எண்ணாக அச்சிட்டுப் பாருங்கள். எதிர்முனை யு எழுத்தை, பைட்டுக்குப் பைட் இடைவெளி விட்டு அனுப்பட்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் மாறாத வேறொரு எண் வருகிறது, அல்லது ஓர் எழுத்துக்குப் பல பைட்டுகள் வருகின்றன என்றால் வேகப் பொருத்தமின்மை. சில பைட்டுகள் மட்டும் அவ்வப்போது கெடுகின்றன என்றால் எல்லையில் இருக்கும் வேகப் பிழை அல்லது நீளமான கேபிள். குறிப்பிட்ட சில மதிப்புகள் மட்டும் எப்போதும் காணாமல்போகின்றன, உதாரணமாக 17-உம் 19-உம், என்றால் வேகத்தைத் தொடாதீர்கள், சிஎஃப்மேக்ரா விட்டுப்போயிருக்கிறது. தொடக்கத்தில் மட்டும் சில குப்பை பைட்டுகள் வந்து அப்புறம் சரியாகிறது என்றால், போர்ட் திறக்கும்போது கணினி தயார் என்று காட்டும் டிடிஆர் சிக்னல் மாறி போர்டு ரீசெட் ஆகியிருக்கும். ஊனோ போன்றவற்றில் அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. திறந்தபின் இரண்டு நொடி காத்திருந்து, ஃபிளஷ் செய்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

எந்த வேகத்தை வைத்தாலும் ஒரே மாதிரி ஒழுங்காக ஓடுகிறது என்றால்? அதுவும் நடக்கும். டிடிஒய்ஏசிஎம் வகைப் போர்டுகள் பலவற்றில் கணினிக்கும் சிப்புக்கும் இடையே சீரியல் கம்பியே கிடையாது. யுஎஸ்பி நேரடியாகப் போகிறது. நீங்கள் அமைக்கும் வேகம் போர்டுக்கு ஒரு தகவலாக மட்டும் போய்ச் சேரும், அதை அது கண்டுகொள்ளாமலும் இருக்கலாம். ஆர்டுயினோ லியோனார்டோ போன்ற சில போர்டுகள் இதில் ஒரு எண்ணுக்குத் தனி மரியாதை தருகின்றன: போர்ட்டை 1200-இல் திறந்து மூடினால் போர்டு ரீசெட் ஆகி, புதிய நிரலை ஏற்றிக்கொள்ளும் நிலைக்குப் போய்விடும். ஆகவே எல்லா வேகத்தையும் வரிசையாகச் சோதிக்கும் நிரல் எழுதினால் அந்தப் போர்டுகளில் மட்டும் 1200-ஐத் தாண்டிப் போங்கள்.